ஐந்து நடுவர்கள், ஒரு பனிமலை

2011 டிசம்பரில் நான் ஒரு மேடையிலிருந்து பின்பக்கமாக விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். விழும்போது என் கையில் ஒரு மட்டன் றோல்ஸ் இருந்தது. அதை மட்டும் கடைசிவரை கைவிடவில்லை என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று நான் ஏன் மேடையில் நின்றேன் என்பதை மட்டும் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை.

அன்று எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டி. சிட்னியில் எங்கள் பேச்சுப் போட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சைப் பெற்றோர் எழுதுவார்கள். பிள்ளை பாடமாக்கும். மேடையில் ஏறி, அவையோருக்கு வணக்கம் வைத்து, பொருள் தெரியாத சொற்களை மூச்சுவிடாமல் கொட்டி, அம்மா காட்டிக்கொடுத்த இடங்களில் கையை ஆட்டிவிட்டு இறங்கும். உண்மையில் போட்டி அம்மாமாருக்கு இடையில்தான். இது எல்லோருக்கும் தெரியும், எவரும் வாய் திறப்பதில்லை.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தாய்மொழியின் மாண்பு பற்றி நான் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரிந்த எதுகை மோனை எல்லாவற்றையும் அதற்குள் அடைத்திருந்தேன். அவள் ஒரு பிழையும் விடாமல் ஒப்புவித்தாள். அந்த வருடத்து மூன்று நடுவர்களில் ஒருவர் ஊரில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்து, ஓய்வு பெற்று, இங்கே மகனோடு வந்து தங்கியிருந்த வாத்தியார். எல்லோருக்கும் அவர் வாத்தியார் அங்கிள். அவர் மைக்கை எடுத்தார்.

"பிள்ளை, வடிவாச் சொன்னீர். ஆனா இது உம்மட தமிழ் இல்லை. ஆர் எழுதித் தந்தது?"

என் மகள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கையை நீட்டி, சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினாள். மண்டபமே சிரித்தது. அவர் போட்ட புள்ளி நூற்றுக்கு நாற்பத்தொன்று.

அந்த நாற்பத்தொன்று யாருக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியாதா? எழுதியவள் நான். கையில் இருந்த றோல்ஸோடு மேடைக்கு ஏறினேன்.

"மற்றப் பிள்ளையளின்ர பேச்செல்லாம் வானத்திலயிருந்தோ விழுந்தது, அங்கிள்?" என்று கேட்டேன்.

"நான் எல்லாருக்கும் குறைச்சுத்தான் போட்டனான், பிள்ளை" என்றார். நாற்பத்து நான்கு வயதுக்காரியைப் பிள்ளை என்றார். நான் நல்லதாக ஒரு பதில் சொல்லத் தயாராகி ஒரு அடி பின்னால் வைத்தேன். அங்கே மேடை முடிந்துவிட்டிருந்தது.

வேலை செய்கிற மருத்துவமனைக்கே நோயாளியாகப் போவது ஒரு தனி வெட்கம். வெஸ்ட்மீட்டில் நான் இரத்தம் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஊசி குத்திச் சம்பளம் வாங்குபவள். அன்று என் கையில் ஊசி குத்தியவள் என்னோடு தினமும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுபவள். அவள் போன பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மகள் என்னைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: இனிமேல் தமிழில் ஒரு சொல் பேசமாட்டேன். நெவர் எவர். நான் வலியில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் பிடிவாதத்தில் அவள் என் மகள். அன்றிலிருந்து வீட்டில் சோறு கேட்பதும் ஆங்கிலத்தில்தான், சண்டை பிடிப்பதும் ஆங்கிலத்தில்தான்.

போட்டி முடிவைப் பாடசாலைக் கொமிற்றி ரத்துச் செய்தது. நான் விழுந்ததால் அல்ல. நான் விழுந்த சத்தத்தில் மற்ற அம்மாமாருக்கும் துணிவு வந்து, ஆளாளுக்கு நடுவர்களைக் கேள்வி கேட்கத் தொடங்கியதால். ஈஸ்டருக்கு முதல் திரும்ப நடத்துவதாக அறிவித்தார்கள்.

ஜனவரி வந்தது. பள்ளி விடுமுறை. கணவர் வேலைக்குப் போய்விடுவார். எங்கள் யூனிற் இரண்டாம் மாடி. வெயில் சுவரால் உள்ளே வரும். நான் செற்றியில் படுத்து, காலைக் கதிரையில் தூக்கி வைத்திருப்பேன். மகள் தரையில், காற்றாடிக்கு நேரே. ரீவியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கிரிக்கெட், இல்லாவிட்டால் டெனிஸ். ஒரு நாள் காலை அவள் சும்மா றிமோட்டை அமத்திக்கொண்டு போக, விளையாட்டுச் சனல் ஒன்றில் வெள்ளை வெளேரென்று பனி தெரிந்தது. அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் நிறுத்தினாள்.

உயரமான ஒரு மலைச்சரிவு. அதன் உச்சியில் ஒரு கம்பியில் ஒரு பெண் பிள்ளை குந்தியிருந்தாள். காலில் அவளைவிட நீளமான இரண்டு பலகைகள். விளக்குப் பச்சையானது, கீழே நின்ற பயிற்சியாளர் ஒரு சின்னக் கொடியை வீசினார், அவள் கம்பியை விட்டாள். குந்தியபடியே சறுக்கி வந்து, விளிம்பில் நிமிர்ந்து, பலகைகளை விரித்து, முகம் பலகையில் முட்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, காற்றில் படுத்தபடி போனாள். போய்க்கொண்டே இருந்தாள்.

"இதென்ன விசர் வேலை? இவளுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?" என்றேன்.

மகள் சனலை மாற்றவில்லை.

ஸ்கீ ஜம்பிங் என்கிற இந்தப் பனிப் பாய்ச்சலில், அந்தப் பருவம்தான் பெண்களுக்கென்று உலகக் கோப்பைப் போட்டிகள் முதன்முதலாக நடந்த பருவம் என்று வர்ணனையாளர் சொன்னார். நோர்வேயில் தொடங்கி ஜெர்மனி, இத்தாலி, ஸ்லோவேனியா என்று வாரத்துக்கு வாரம் மலை மாறும். ஐரோப்பாவில் நடப்பதை எங்களுக்கு அடுத்த நாள் காலையில் திரும்பப் போடுவார்கள். இரண்டாவது வாரத்தில் நான் தேத்தண்ணியை நேரத்துக்கே போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். வெளியே நாற்பது பாகை வெயில், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் பனியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மகள் இணையத்தில் எல்லாவற்றையும் தேடி வாசித்தாள். வாசித்ததை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வாள். நான் தமிழில் கேள்வி கேட்பேன். ஆண்கள் ஏறக்குறைய தொண்ணூறு வருடமாக ஒலிம்பிக்கில் பாய்கிறார்களாம். பெண்களை விடவில்லையாம். பெண்களின் உடம்பு தாங்காது என்று பெரிய மனிதர்கள் பலர் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெண்களின் உடம்பு எதைத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு மணித்தியாலம் பிள்ளைப்பேற்று வலியில் கிடந்தபோது, பக்கத்துக் கதிரையில் என் கணவர்தான் மயங்கி விழுந்தார்.

அதே கணவர் ஒரு சனிக்கிழமை எங்களோடு இருந்து பார்த்துவிட்டு, "பொம்பிளையளுக்கு உந்த வேலை என்னத்துக்கு? இடுப்பு கிடுப்பு முறிஞ்சால்?" என்றார்.

"உங்கட வயித்தைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மாடி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது. நீங்கள் அவளின்ர இடுப்பைப் பற்றிக் கதைக்கிறியள்" என்றேன். அவர் குசினிக்குள் போய் பிஸ்கட் தின்றார். மகள் சிரித்தாள். டிசம்பருக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

பாய்கிறவர்களில் சிலருக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். பல்லில் கம்பி போட்டவர்களும் இருந்தார்கள். ஒருத்தி ஒரு நாள் தரையில் கால் பட்டதும் நிலை தடுமாறி, பலகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக உருண்டாள். எழும்பி, பனியைத் தட்டிவிட்டு, கமராவைப் பார்த்துக் கையாட்டினாள். மகள் அந்த இடத்தை நான்கு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எனக்கு என் றோல்ஸ் ஞாபகம் வந்தது.

பிறகுதான் எனக்கு அந்த விசயம் பிடிபட்டது. எவ்வளவு தூரம் பாய்ந்தாலும் போதாது. எப்படிப் பறந்தார்கள், எப்படி ஒரு காலை முன்னால் வைத்து இறங்கினார்கள் என்பதற்கு ஐந்து நடுவர்கள் புள்ளி போடுவார்கள். அந்த ஐந்தில் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். நடுவில் உள்ள மூன்றுதான் கணக்கு. அப்படியென்றால் ஒருவர் தன் நாட்டுப் பிள்ளைக்கு அள்ளிக் கொடுத்தாலும் வீண். ஒருவர் எரிச்சலில் குறைத்தாலும் வீண்.

நான் எழும்பியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு காலமும் இதை ஏன் எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை?

"இப்பிடி எங்கட பள்ளிக்கூடத்திலயும் செய்தால், அந்த அங்கிளின்ர நாற்பத்தொண்டு நேரே குப்பைக்குள்ள" என்றேன்.

மகள் முதல் தடவையாகத் திரும்பி என்னை நேரே பார்த்தாள். அப்படிச் சட்டம் வந்தால் தான் திரும்பவும் பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆனால் இரண்டு நிபந்தனை. பேச்சைத் தானே எழுதுவாள். நான் அதைக் கையாலும் தொடக்கூடாது.

எனக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளை தமிழுக்குத் திரும்பி வந்தால் போதும். அந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் தமிழில் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு வெறுமையாக இருந்தது என்று அவளுக்குச் சொல்லவில்லை. சரி என்றேன்.

கொமிற்றிக் கூட்டம் கெல்லிவில்லில், தலைவர் வீட்டில். தலைவர் தமிழ்நாட்டுக்காரர், பெரிய கம்பெனி ஒன்றில் மென்பொருள் வேலை. வீட்டு வாசலில் ஏழு படிகள். ஊன்றுகோலோடு ஏழையும் ஏறி, வேர்த்து வழிய உட்கார்ந்து, பனிமலைச் சட்டத்தை விளக்கினேன். ஒருவருக்கும் பெண்கள் பனியில் பாய்கிறார்கள் என்பதே தெரியாது. அதை விளக்கவே அரை மணி போனது.

"எல்லாம் சரிங்க. ஆனா ஒரு பெரிய மனுஷர கூப்பிட்டு வந்து உக்கார வச்சு, அவர் போட்ட மார்க்க தூக்கிப் போடறது அவருக்கு அவமானமில்லையா?" என்று தலைவர் கேட்டார்.

"ஐரோப்பாவில எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். ஒருத்தரும் கோவிக்கேல்லை" என்றேன்.

ஐரோப்பா என்றதும் முகம் தெளிந்தது. "ஆமா, ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கணும்" என்று ஒப்புக்கொண்டார். சட்டம் நிறைவேறியது; நடுவர்களும் மூன்றிலிருந்து ஐந்தானார்கள். புள்ளி கூட்டும் வேலையை, சட்டம் கொண்டுவந்தவள் என்று என் தலையிலேயே கட்டினார்கள். உன் மகளும் போட்டியில் இருக்கிறாளே என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளை போட்டியில் இல்லாத ஒருவரை எங்கள் கொமிற்றியில் தேடினால் மண்டபத்துக் காவலாளிதான் மிஞ்சுவார்.

ஒரு பிழை மட்டும் நடந்தது. எங்கள் செயலாளர் மகா ஒழுங்கானவர். கூட்டத்தில் எடுத்த முடிவை அட்சரம் பிசகாமல் தட்டச்சு செய்து, ஐந்து நடுவர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்.

பெப்ரவரியில் பள்ளி தொடங்கியது. நான் நொண்டி நொண்டி வேலைக்குத் திரும்பினேன். மகள் பேச்சை எழுதினாள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், ஒரு பழைய கணக்குக் கொப்பியில். ஒத்திகை குளியலறைக்குள், தண்ணீரைத் திறந்துவிட்டு. கதவில் காதை வைத்தும் பார்த்தேன். சவர் சத்தம்தான் கேட்டது. மார்ச்சில் ஜப்பானில் பாய்ந்தார்கள், பிறகு திரும்ப நோர்வே, அதோடு பருவம் முடிந்தது. கடைசிப் போட்டியை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஏதோ நெருங்கிய வீட்டுக் கலியாணம் முடிந்த மாதிரி இருந்தது.

போட்டி நாள் வந்தது. பதினொரு பிள்ளைகள். நடுவர் வரிசையில் ஒரு டொக்டர், ஒரு கணக்காளர், ஒரு நடன ஆசிரியை, ஒரு முன்னாள் தலைவர், கடைசிக் கதிரையில் வாத்தியார் அங்கிள். அவரை விட்டுவிடலாம் என்று நான் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். விட்டால் அவருடைய ஊர்ச் சங்கத்து ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தலைவர் பயந்தார். இருக்கட்டும், எறியத்தானே போகிறோம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மகள் ஏழாவது. அவையோருக்கு வணக்கம் வைக்கவில்லை. கொப்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் பனியில பாயிற பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றிச் சொல்லப்போறன்" என்று தொடங்கினாள். மேடைத் தமிழே இல்லை. எங்கள் வீட்டுக் குசினித் தமிழ். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தடுமாறினாள். கொப்பியில் விட்ட இடத்தைத் தேடினாள்; கிடைக்கவில்லை. நான் புள்ளி கூட்டும் மேசையில் இருந்தேன். எழும்பி ஓடி மேடையில் ஏறிவிடுவேனோ என்று பயந்து, நல்ல காலால் மேசைக் காலைப் பின்னிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கொப்பியைக் கீழே வைத்தாள். மேடை நடுவில் குந்தினாள். சட்டென்று நிமிர்ந்து, கைகளைப் பின்னால் நீட்டி, விழுந்துவிடுவாள் போல முன்னால் சாய்ந்தாள்.

"இப்பிடித்தான் பறப்பினம்" என்றாள். "பொம்பிளையளின்ர உடம்பு தாங்காது எண்டு கனகாலம் சொன்னவை. ஒருத்தரும் அந்தப் பிள்ளையளிட்டக் கேக்கேல்லை. அவை விழுவினம். விழுந்தா எழும்பிப் பனியைத் தட்டிப்போட்டுக் கையாட்டுவினம். என்ர அம்மாவும் விழுந்தவ. அவவும் எழும்பீட்டா. ஆனா கையாட்டேல்லை, ஏனெண்டா கையில றோல்ஸ் இருந்தது."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

பதினொரு பேரும் பேசி முடிய, தேநீர் இடைவேளை. நான் சிற்றுண்டி மேசையில் பற்றிஸ் எடுக்கப் போனபோது, டொக்டரும் கணக்காளரும் ஆசிரியையும் முன்னாள் தலைவரும் தூணடியில் தலையைத் தலையோடு வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அங்கிள் மட்டும் தன் கதிரையை விட்டு எழும்பவில்லை. அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தாள்கள் என்னிடம் வந்ததும்தான் விளங்கியது. டொக்டர், பதினொரு பிள்ளைக்கும் எழுபத்தைந்து. கணக்காளர், பதினொரு பிள்ளைக்கும் எழுபத்தைந்து. ஆசிரியையும் அதேதான், முன்னாள் தலைவரும் அதேதான். தன் புள்ளி எறியப்பட்டது என்று வெளியில் தெரிந்தால் மரியாதை என்னாவது? ஆகவே நான்கு பேரும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஐரோப்பாக்காரன் எத்தனை வருடம் யோசித்தாலும் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கமாட்டான். எங்கள் ஆட்களுக்கு ஒரு தேத்தண்ணி நேரம் போதுமாக இருந்தது.

வாத்தியார் அங்கிள் யாரோடும் சேரவில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டுக்கும் அறுபதுக்கும் இடையில் போட்டிருந்தார். ஆகக் குறைந்தவை அவை, எல்லாவற்றையும் வெட்டினேன். பிறகு என் மகளின் தாள். எழுபத்தைந்து, எழுபத்தைந்து, எழுபத்தைந்து, எழுபத்தைந்து. ஐந்தாவது கட்டத்தில், கோணல்மாணலான பழைய கையெழுத்தில், தொண்ணூற்று நான்கு.

சட்டத்தின்படி ஆகக் கூடியது போகவேண்டும்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. வெறுமனே ஐந்தையும் கூட்டினால் என் மகள்தான் முதலாவது, கிட்டவும் ஒருவர் வரமுடியாது. இந்த மனிதரின் புள்ளியை எறிவதற்கென்றே நொண்டிக் காலோடு ஏழு படி ஏறினேன். தலைவர் பின்னால் வந்து நின்று, "முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டார். என்னை நானே வாய்க்குள் திட்டிக்கொண்டு தொண்ணூற்று நான்கின் மேல் சிவப்புக் கோடு கீறினேன்.

பதினொரு பேருக்கும் மூன்று எழுபத்தைந்து. பதினொரு பேரும் முதலாம் இடம். கோப்பை ஒன்று. மாதத்துக்கு ஒரு வீடாக வைத்திருப்பது என்று தலைவர் மேடையில் அறிவித்தார். பெற்றோர் எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கும் கோபமில்லை, பாடசாலை வரலாற்றில் முதல் தடவையாக. செயலாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காரில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தாள். எல்லோருக்கும் ஒரே மார்க் என்றால் இதற்குப் பெயர் போட்டியா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுடைய கேள்வி நியாயம். திரும்பவும் ஆங்கிலத்துக்கே போய்விட்டாள். தாள்களைக் கோப்பில் வைத்துப் பூட்டவேண்டும் என்பது விதி. அவளுடைய தாளை மட்டும் நான் கைப்பைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். காரை ஒரு பெற்றோல் நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தி, அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தாள். அது யார் போட்டது என்று கேட்டாள். சொன்னேன். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வாத்தியார் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தார். அவள் அதை எழுத்துக் கூட்டி, விரலை வைத்து வாசித்தாள்.

"இந்த... முறை... இது... பிள்ளையின்ர... தமிழ்."

இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு தாளை மடித்தாள்.

"நீங்களோ அம்மா வெட்டினது?"

"ஓம்" என்றேன். "நான்தான்."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினாலும் தமிழில் திட்டினால் போதும் என்று இருந்தது.

"அந்த நாலு பேரும் வேண்டாம்" என்றாள். "அடுத்த முறை அவரை மட்டும் கூப்பிடுங்கோ."